கடைசி நெடுவரிசையை நிரப்பியது யார்?

அந்தக் கோப்பில் கடைசி நெடுவரிசையின் பெயர் ‘உமிழ்வு’. பண்ணையிலிருந்து காற்றில் கலக்கும் பசுமை இல்ல வாயுக்களின் அளவு அது, முக்கியமாக மாடு விடும் மீத்தேன். அதற்கு முன்னால் முப்பதுக்கும் மேற்பட்ட நெடுவரிசைகள். எத்தனை கறவை மாடு, எத்தனை கிடாரி, நாளொன்றுக்கு எவ்வளவு பால், பாலில் கொழுப்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு, பசுந்தீவனம், அடர்தீவனம், சாணத்தைச் சேர்த்து வைக்கும் முறை, மின்சாரம், டீசல், தீவன வயலுக்குப் போட்ட யூரியா. ஒரு வரி என்றால் ஒரு பால்பண்ணையின் ஓராண்டு. முன்னால் இருப்பவற்றை வாங்கிக்கொண்டு கடைசியில் இருப்பதை இயந்திரம் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மாதிரியை, அதாவது தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் ஒரு நிரலை, உருவாக்கும் வேலை என்னிடம் வந்தது.

மாலைக்குள் முடித்துவிட்டேன். சின்னச் சின்ன முடிவு மரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வளர்த்து, முந்தைய மரம் விட்ட பிழையை அடுத்த மரம் திருத்தும்படி செய்யும் கிரேடியன்ட் பூஸ்டிங் முறைதான். தனியே எடுத்துவைத்திருந்த வரிகளைக் கொடுத்துச் சோதித்தபோது, கணிப்பும் கோப்பில் இருந்த எண்ணும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் விழுந்தன. அந்தப் படத்தை அப்படியே குழுவுக்கு அனுப்பினேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

எங்கள் குழுவில் ஒரு கால்நடை மருத்துவர் உண்டு. தீவனவியலில் பல வருட அனுபவம். மறுநாள் காலை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, இந்தக் கடைசி நெடுவரிசையை யார் நிரப்பினது?”

“பண்ணைகள் அனுப்பினதுதான் டாக்டர்.”

“பண்ணைக்கு யார் சொன்னது? மீத்தேன் அளக்கிற கருவி அங்கே ஏது?”

விசாரித்தேன். முன்னால் இருந்த அதே முப்பது தகவல்களை ஒரு கார்பன் கணக்கீட்டு மென்பொருளில் போட்டு, அது தந்த விடையைக் கடைசி நெடுவரிசையில் எழுதியிருக்கிறார்கள். ஒரு சூத்திரம் தந்த விடையை, அந்தச் சூத்திரத்துக்குள் போன எண்களை வைத்தே என் மாதிரி திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. சூத்திரம் கையில் இருக்கும்போது அதைக் கற்றுக்கொள்ள ஓர் இயந்திரம் எதற்கு? ஒரு மாட்டின் மூச்சுக்கூட அந்தக் கோப்பில் பதிவாகவில்லை.

பால்பண்ணை உமிழ்வை இயந்திரக் கற்றலால் கணித்தோம் என்று யார் சொன்னாலும் இப்போது நான் முதலில் கேட்பது டாக்டரின் கேள்வியைத்தான். எவ்வளவு துல்லியம் என்பது அதற்கு அப்புறம்.

சூத்திரத்தைக் குறை சொல்ல வரவில்லை. அதை ஒளித்து வைத்து யாரும் ஏமாற்றவும் இல்லை. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழுவான ஐ.பி.சி.சி. 2006-ல் வெளியிட்ட நெறிமுறைகளிலும், 2019-ல் வந்த திருத்தத்திலும் எல்லாம் வெளிப்படையாக இருக்கிறது. மூன்று அடுக்குகள் வைத்திருக்கிறார்கள். முதல் அடுக்கில் ஒரு மாட்டுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஓர் எண். தலைகளை எண்ணிப் பெருக்கினால் முடிந்தது. இரண்டாம் அடுக்கில் மாடு தின்னும் தீவனத்தின் ஆற்றலைக் கணக்கிட்டு, அதில் ஒரு பங்கு மீத்தேனாகப் போகிறது என்று கொள்கிறார்கள். மூன்றாவது, ஒரு நாடு தன் அளவீடுகளைக் கொண்டு தானே உருவாக்கிக்கொள்ளும் விரிவான மாதிரி. பண்ணைகளுக்கான மென்பொருள்கள் பெரும்பாலும் இரண்டாம் அடுக்கைத்தான் பின்பற்றுகின்றன.

அதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் நன்றாகப் புரியும். ஒரு மாடு நாளுக்கு 20 கிலோ உலர்பொருள் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். தீவனத்தில் ஈரத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உலர்பொருள். கிலோவுக்கு 18.45 மெகாஜூல் வீதம் 369 மெகாஜூல் ஆற்றல் வயிற்றுக்குள் போகிறது. 2006 நெறிமுறைப்படி கறவை மாட்டுக்கு அதில் 6.5 சதவீதம் மீத்தேனாகிறது. அதாவது சுமார் 24 மெகாஜூல். ஒரு கிலோ மீத்தேனின் ஆற்றல் 55.65 மெகாஜூல். வகுத்தால் நாளுக்கு 431 கிராம், ஆண்டுக்கு 157 கிலோ. ஆனால் அந்த 6.5 என்பது ஒரு சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று நெறிமுறையே சொல்கிறது. 5.5 என்று போட்டால் 133 கிலோ. 7.5 என்றால் 182 கிலோ. அதே மாடு, அதே தீவனம், ஆண்டுக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோ வித்தியாசம்.

நாம் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. எந்த மாடு 5.5 பக்கம், எந்த மாடு 7.5 பக்கம், ஏன்? என் முதல் கோப்பில் எல்லா மாடும் 6.5. இல்லாத வேறுபாட்டை எந்த இயந்திரமும் கற்க முடியாது.

அந்த எண் ஏன் மாட்டுக்கு மாடு மாறுகிறது என்பதை டாக்டர் ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து விளக்கினார். மாட்டின் முதல் இரைப்பை நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு நொதிக்கலம். காற்று கிடையாது, வெதுவெதுப்பு மாறாது, கோடானுகோடி நுண்ணுயிர்கள். அவை தீவனத்தை உடைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற அமிலங்களாக்குகின்றன. மாடு உயிர்வாழ்வதும் பால் சுரப்பதும் பெரும்பாலும் இவற்றால்தான். அசிட்டேட் உருவாகும்போது ஹைட்ரஜன் மிஞ்சுகிறது. அது தேங்கினால் நொதித்தலே மந்தமாகிவிடும். அங்கேதான் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்க் கூட்டம் வருகிறது. அது ஹைட்ரஜனைக் கார்பன் டை ஆக்ஸைடோடு சேர்த்து மீத்தேனாக்கி ஆற்றல் பெறுகிறது. மாடு அதை ஏப்பமாக விடுகிறது. பின்பக்கமாகப் போகிறது என்று நினைப்பவர்கள் அதிகம். அந்த வழியாகப் போவது மிகச் சிறிய பங்கு.

நார் அதிகமுள்ள தீவனம் அசிட்டேட் பக்கம் சாயும், மீத்தேன் கூடும். மாவுச்சத்து மிகுந்தால் புரோப்பியோனேட் பக்கம் சாயும். அது ஹைட்ரஜனைத் தானே இழுத்துக்கொள்வதால் மீத்தேன் குறையும். தீவனத்தில் கொழுப்பு சேர்ந்தாலும் குறையும். நிறையத் தின்னும் மாட்டின் வயிற்றில் தீவனம் சீக்கிரம் கடந்துபோகும். அதனால் ஒரு கிலோ தீவனத்துக்கு உண்டாகும் மீத்தேன் கொஞ்சம் இறங்கும். எல்லாம் சேர்ந்து, தின்னும் ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை மீத்தேனாகப் போகலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாட்டுக்கும் இது நட்டம்தான். பாலாக வேண்டிய ஆற்றல் காற்றில் போகிறது.

சரி, அளந்த எண்தான் வேண்டும் என்று முடிவாயிற்று. அப்போதுதான் அளப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தது.

நம்பகமான வழி சுவாச அறை. மாட்டை ஓர் அடைத்த அறைக்குள் இரண்டு மூன்று நாள் வைத்து, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளப்பார்கள். தனிமையில் மாடு மிரளும், தீவனம் குறைத்துத் தின்னும். தின்பது குறைந்தால் மீத்தேனும் குறையும். அப்புறம் அளந்தது எதை? அதனால் பக்கத்து மாட்டைப் பார்க்கும்படி சுவரைக் கண்ணாடிபோல் வைப்பார்கள். இப்படி ஒரு மந்தை முழுவதையும் அளக்க வழியே இல்லை. இரண்டாவது வழி 1994-ல் வந்தது. சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவை மெல்லக் கசியவிடும் சிறு குழாய் ஒன்றை மாட்டின் இரைப்பைக்குள் போட்டுவிட்டு, கழுத்தில் மாட்டிய குடுவையில் மூச்சைச் சேர்ப்பார்கள். அந்த வாயு எவ்வளவு கசிகிறது என்பது முன்பே தெரியும். இரண்டின் விகிதத்திலிருந்து மீத்தேன் வந்துவிடும். மாடு மேய்ச்சலில் இருக்கும்போதே அளக்கலாம் என்பது இதன் பெரிய பயன். மூன்றாவது, கிரீன்ஃபீட் என்ற பெட்டி. சிறிதளவு தீவனக் குச்சிகளுக்காக மாடு அதற்குள் தலையை விடும். தின்னும் சில நிமிடங்களில் அது மூச்சை உறிஞ்சி அளந்துவிடும்.

நாங்கள் முதலில் கையில் எடுத்தது இந்தப் பெட்டியின் பதிவுகளை. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மீத்தேன் நாள் முழுக்க ஒரே சீராக வராது. தின்ற பிறகு ஏறும், அப்புறம் இறங்கும். ஒரு மாடு எப்போதும் தின்ற கையோடு பெட்டிக்கு வருகிறது, இன்னொன்று விடியற்காலையில் மட்டும் வருகிறது என்றால், இரண்டின் சராசரியை ஒப்பிட முடியாது. மந்தையில் பலமுள்ள மாடு தான் நினைத்த நேரத்தில் வரும். அடங்கிப் போகும் மாடு எல்லாரும் போன பிறகுதான் வரும். பெட்டியில் பதிவான எண்ணில் மாட்டின் வயிறு மட்டும் இருக்காது, மந்தைக்குள் அதன் இடமும் இருக்கும். பல நாள், பல வருகை சேர்ந்தால்தான் ஒரு மாட்டின் எண்ணை நம்பலாம். வருகை குறைவாக இருந்த மாடுகளை நீக்கியபோது எங்கள் தரவு வெகுவாகச் சுருங்கியது. எனக்கு அது வருத்தமாக இருந்தது. ஆனாலும் நீக்கினோம்.

இரண்டாவது சறுக்கலும் என்னுடையதுதான். அளந்த தரவை வைத்துப் பழக்கியபோது மறுபடி நல்ல மதிப்பெண் வந்தது. இந்த முறை நானே சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு மாட்டுக்கும் பல வாரங்களின் பதிவுகள் இருந்தன. நான் வரிகளைக் குலுக்கிப் பிரித்திருந்தேன். ஒரு மாட்டின் மூன்றாம் வாரம் பயிற்சியில், அதே மாட்டின் நான்காம் வாரம் சோதனையில். அதன் எடை, ஈத்து, பாலின் அளவு எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட ஓர் அடையாள அட்டை மாதிரி. இயந்திரம் மாட்டை அடையாளம் கண்டு, போன வார எண்ணைத் திருப்பிச் சொல்லியிருக்கிறது.

மாட்டின்படி பிரித்தேன். ஒரு மாடு பயிற்சியில் இருந்தால் அதன் ஒரு வரிகூடச் சோதனையில் வராது. மதிப்பெண் இறங்கியது. பிறகு பண்ணையின்படி பிரித்தேன்: ஒரு பண்ணையை முழுதாக வெளியே நிறுத்திவிட்டு மற்றவற்றில் பழக்கி, நிறுத்திய பண்ணையைக் கணிக்கச் சொன்னேன். ஒவ்வொரு பண்ணையாக மாற்றி மாற்றி இதைச் செய்தேன். மதிப்பெண் இன்னும் இறங்கியது. ஒரு பண்ணைக்குள் எல்லா மாடும் ஒரே தீவனம் தின்கின்றன, ஒரே கருவியில் அளக்கப்படுகின்றன, ஒரே பருவத்தில் இருக்கின்றன. கருவி லேசாகக் கூட்டிக் காட்டினால் அத்தனை மாட்டுக்கும் கூட்டித்தான் காட்டும். இதையெல்லாம் மாட்டின் இயல்பு என்று இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. அடுத்த பண்ணைக்குப் போனால் அது எடுபடாது.

இந்த மாதிரியை யாருக்காகச் செய்கிறோம்? அளக்கும் கருவி இல்லாத பண்ணைக்காக. அப்படியென்றால் பார்க்காத பண்ணையில் வரும் மதிப்பெண் ஒன்றுதான் கணக்கில் வர வேண்டும். மற்றவற்றை வெளியே சொல்லவே கூடாது என்பது என் கருத்து. பல அறிக்கைகளில் எப்படிப் பிரித்தார்கள் என்ற ஒரு வரியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அது முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய வரி.

அந்த நேரத்தில் ஒரு பழக்கத்தையும் கற்றுக்கொண்டேன். எந்தப் பெரிய மாதிரியைச் செய்தாலும் பக்கத்தில் ஓர் எளிய கோட்டை வைத்துப் பார்ப்பது. கறவை மாடு தின்னும் ஒரு கிலோ உலர்பொருளுக்குத் தோராயமாக 20 கிராம் மீத்தேன். அவ்வளவுதான் அந்தக் கோடு. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் பல கண்டங்களின் ஆய்வாளர்கள் 5,233 தனி மாட்டு அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மீத்தேனைக் கணிக்க மிக முக்கியமானது மாடு தின்னும் அளவுதான் என்பதே அதிலும் வந்தது. நார்ச்சத்தும் பாலின் கொழுப்பும் சேரும்போது கணிப்பு மேலும் திருந்துகிறது. பார்க்காத பண்ணையில் எங்கள் மாதிரி அந்த எளிய கோட்டை முந்தியது. ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. உழைத்த மாதங்களை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருந்தது.

அதைவிடக் கஷ்டம் இன்னொன்று. தின்னும் அளவே தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்கிறோம், சாதாரணப் பண்ணையில் ஒவ்வொரு மாடும் எவ்வளவு தின்கிறது என்று யாருக்கும் தெரியாது. தொட்டியில் கொட்டியது தெரியும், மிஞ்சியது ஓரளவு தெரியும், அது மந்தைக்கான கணக்கு. ஆகவே பாலின் அளவு, உடல் எடை, கன்று ஈன்று எத்தனை வாரம் என்பதை வைத்துத் தின்பதை முதலில் கணித்து, அதை வைத்து மீத்தேனைக் கணிக்க வேண்டும். முதல் கணிப்பின் பிழை இரண்டாவதற்குள் போய்விடுகிறது.

இதற்கு ஒரு நல்ல மாற்று வழி பாலிலேயே இருக்கிறது, இந்தத் துறையில் என்னை அதிகம் ஈர்த்ததும் அதுதான். பால் மாதிரியின் கொழுப்பையும் புரதத்தையும் பார்க்க ஆய்வகங்கள் ஏற்கெனவே அகச்சிவப்பு ஒளியைச் செலுத்துகின்றன. அப்போது கிடைக்கும் முழு நிறமாலையில் கொழுப்பு அமிலங்களின் சுவடும் இருக்கிறது. முதல் இரைப்பையில் உண்டாகும் அசிட்டேட்டிலிருந்துதான் பெரும்பாலும் மடி பாலின் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைக் கட்டுகிறது. அசிட்டேட் வந்த இடத்தில் ஹைட்ரஜன் மிஞ்சியிருக்கும், ஹைட்ரஜன் மிஞ்சிய இடத்தில் மீத்தேன் வந்திருக்கும். இப்படி வயிற்றில் நடந்தது பாலில் தெரிகிறது. கனடாவில் பால் பதிவுகளையும் மாடுகளின் மரபுக் கணக்கையும் பார்க்கும் லாக்டாநெட் அமைப்பு 2023-ல் ஹோல்ஸ்டீன் மாடுகளுக்கு வெளியிட்ட மீத்தேன் மரபு மதிப்பீடு இந்த நிறமாலையை அடிப்படையாகக் கொண்டதுதான். மாட்டைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை, ஏற்கெனவே எடுக்கும் பால் மாதிரியே போதும். இயந்திரக் கற்றல் தன் உண்மையான பலத்தைக் காட்டும் இடம் இது என்று நினைக்கிறேன். நூற்றுக்கணக்கான அலையெண்கள், ஒன்றோடொன்று பின்னிய தொடர்புகள். மனிதக் கண்ணால் பிரிக்க முடியாது.

ஆனாலும் ஒரு குணம் எல்லா மாதிரிகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தரவு மங்கலாக இருந்தால் அவை நடுவில் ஒதுங்கிக்கொள்ளும். மிகக் குறைவாக விடும் மாட்டுக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும், மிக அதிகம் விடும் மாட்டுக்குக் குறைத்துச் சொல்லும். மொத்த மந்தையின் சராசரி நன்றாக வரும். ஆனால் மரபுத் தேர்வு செய்பவருக்கு வேண்டியதே அந்த இரண்டு ஓரங்கள்தான். மரங்களை அடுக்கிய மாதிரிகளில் இன்னொரு வரம்பும் உண்டு. ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற ஒன்று, பயிற்சியில் கண்ட மிகக் குறைந்த எண்ணுக்குக் கீழே ஒருநாளும் போகாது. ஆர்க்கியாவின் ஒரு நொதியைத் தடுத்து மீத்தேனைக் குறைக்கும் 3-நைட்ரோ ஆக்ஸிபுரோப்பனால், அதாவது போவேர் என்ற பெயரில் விற்கும் தீவனச் சேர்க்கை, 2022-ல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2024-ல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. கறவை மாட்டில் சுமார் 30 சதவீதம் வரை குறைக்கிறது. பழைய தரவில் பழகிய மாதிரியிடம் இதைத் தின்னும் மாட்டைக் கொடுத்தால், பழைய எண்ணையே தைரியமாகச் சொல்லும். தான் காணாத ஒன்று எதிரே வந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

எதைக் கணிக்கச் சொல்கிறோம் என்பதிலும் நாங்கள் நெடுநாள் சண்டை போட்டோம். இரண்டு மாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 16 கிலோ தின்று 15 கிலோ பால் தருகிறது, நாளுக்கு 320 கிராம் மீத்தேன். மற்றது 24 கிலோ தின்று 38 கிலோ பால் தருகிறது, 480 கிராம் மீத்தேன். ஒரு நாளைக்கு என்று கேட்டால் முதல் மாடு நல்லது. ஒரு கிலோ பாலுக்கு என்று கேட்டால் முதலாவது 21 கிராம், இரண்டாவது 13 கிராமுக்கும் கீழே. இப்போது இரண்டாவது நல்லது. தின்ற ஒரு கிலோவுக்கு என்று கேட்டால் இரண்டும் 20 கிராம், வித்தியாசமே இல்லை. எந்த நெடுவரிசையை இலக்காக வைக்கிறோமோ அதுவே எந்த மாட்டை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. நான் ஒரு கிலோ பாலுக்கு என்ற பக்கம் நின்றேன், பாலைக் கொழுப்பு 4.0, புரதம் 3.3 சதவீதம் என்ற ஒரே தரத்துக்குத் திருத்திய பிறகு. ஆனால் அதை மட்டும் பார்த்தால் மாடுகளின் எண்ணிக்கை ஏறும்போது மொத்த மீத்தேன் ஏறுவது கண்ணில் படாது என்று டாக்டர் விடாமல் சொன்னார். கடைசியில் இரண்டையும் காட்டுவது என்று தீர்மானித்தோம்.

மீத்தேனைக் கார்பன் டை ஆக்ஸைடுக்கு ஈடாக மாற்றும் பெருக்கு எண்ணும் அறிக்கைக்கு அறிக்கை மாறியிருக்கிறது. நூறு ஆண்டுக் கணக்கில் ஐ.பி.சி.சி.யின் நான்காம் அறிக்கையில் 25, ஐந்தாவதில் 28, ஆறாவதில் கால்நடையிலிருந்து வரும் மீத்தேனுக்கு 27. இருபது ஆண்டுக் கணக்கு என்றால் 80-ஐ ஒட்டி. மேலே சொன்ன 157 கிலோ, எந்த அறிக்கையைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து 3.9 டன்னாகவோ 4.4 டன்னாகவோ ஆகும். எனவே நாங்கள் இயந்திரத்தை மீத்தேனைக் கிலோவில் மட்டும் கணிக்கச் சொல்கிறோம், பெருக்கல் தனியாக வெளியே நடக்கும். வாயுக்களைச் சேர்த்துக் குழைத்த எண்ணைப் பழக்கினால் பிறகு பிரிக்கவே முடியாது.

சாணத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. தண்ணீரோடு கரைத்துக் குழியில் மாதக்கணக்கில் தேக்கினால் காற்றுப் படாமல் மீத்தேன் பெருகும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. உலர்த்திக் குவித்தாலோ அன்றன்றே வயலுக்குப் போனாலோ மீத்தேன் வெகுவாகக் குறையும். சாணத்திலிருந்து வரும் இன்னொரு பசுமை இல்ல வாயுவான நைட்ரஸ் ஆக்ஸைடின் கணக்கு வேறு. ஒரே மாதிரி மாடு, ஒரே மாதிரி தீவனம் உள்ள இரண்டு பண்ணைகள் சாணத்தால் மட்டுமே வெகுவாக வேறுபடலாம். இதற்குத் தேவையானது ஒரே ஒரு தகவல்: குழி எப்போது நிரம்பியது, எப்போது காலியானது. கிட்டத்தட்ட எந்தக் கோப்பிலும் அது இல்லை. ‘சேமிப்பு முறை’ என்று ஒரு சொல் இருக்கும், அவ்வளவுதான்.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டும். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பின் 2023 அறிக்கை, மனிதர்களால் உண்டாகும் பசுமை இல்ல வாயுக்களில் சுமார் 12 சதவீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து வருவதாகச் சொல்கிறது. டென்மார்க் 2030 முதல் கால்நடை உமிழ்வுக்கு டன்னுக்கு 300 குரோனர் வரி என்றும் 2035-ல் அது 750 ஆகும் என்றும் 2024-ல் உடன்பாடு கண்டது. வரிக் கழிவுகள் உண்டு, என்றாலும் உமிழ்வுக்கு விலை வந்துவிட்டது. இனி இந்த எண் ஓர் ஆய்வறிக்கையோடு நிற்காது. ஒரு குடும்பத்தின் வரவு செலவுக்குள் போகும். நல்ல தீவனத்துக்கு மாறிய பண்ணைக்குச் சூத்திரம் பழைய எண்ணையே தந்தால், அவர்கள் செய்தது கணக்கில் வராது. பார்க்காத பண்ணையைப் பற்றி இயந்திரம் தவறாக உறுதியோடு பேசினால், செய்யாத குற்றத்துக்குக் காசு கட்டுவார்கள். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் குறைகிறது.

அதனால் இப்போது ஒற்றை எண் தருவதை நிறுத்திவிட்டோம். ஒரு வரம்பு தருகிறோம். பார்க்காத பண்ணைகளில் மாதிரி எவ்வளவு பிழைத்தது என்பதை வைத்தே அந்த வரம்பைக் கட்டுகிறோம். புதிய பண்ணை நாங்கள் பழகியவற்றிலிருந்து தூரமாக இருந்தால் வரம்பு விரியும், மிக விரிந்தால் ‘இந்தப் பண்ணைக்கு அளவீடு வேண்டும்’ என்று சொல்லிவிடும்.

சென்ற மாதம் அந்த முடிவைக் கொடுக்க ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். நடத்துபவர் ஓர் அக்கா. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே காகிதத்தை வாங்கிப் பார்த்தார். வரம்பு ஏன் இவ்வளவு அகலம் என்று கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் வேறொன்று கேட்டார்.

“தம்பி, இது என் மாட்டைப் பார்த்துச் சொன்னதா, மத்தவங்க மாட்டைப் பார்த்துச் சொன்னதா?”

“மத்தவங்க மாட்டைப் பார்த்துத்தான் அக்கா. உங்க பண்ணைக் கணக்கை அதோட ஒப்பிட்டுச் சொல்றோம்.”

“அப்ப எங்கே ரொம்பத் தடுமாறுது?”

சாணக் குழியில் என்றேன். எவ்வளவு நாள் தேங்குகிறது என்பது தெரியாததால் அந்த ஒரு பகுதி மட்டும் வரம்பைப் பாதிக்குப் பாதி அகலமாக்குகிறது என்று படத்தைக் காட்டினேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். அட்டை கிழிந்த ஒரு நீள நோட்டோடு திரும்பினார். குழியைக் காலி செய்த ஒவ்வொரு நாளும் அதில் இருந்தது. எத்தனை நடை வண்டி, எந்த வயலுக்குப் போனது, அன்று மழையா வெயிலா என்றுகூட. ஏழு வருடத்துக் கணக்கு.

“யாரும் கேட்கலையே தம்பி” என்றார்.

மாட்டுக்கொட்டகைத் திண்ணையிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். எங்கள் கோப்பில் அதற்கு இடம் இல்லை. ஒரு புது நெடுவரிசையைச் சேர்த்து, முதல் பக்கத்தின் முதல் தேதியிலிருந்து ஏற்ற ஆரம்பித்தேன். அக்கா பக்கத்தில் நின்று, கையெழுத்து மங்கிய இடங்களை வாசித்துக் காட்டினார்.